வேலிப் பொட்டடியில் ஒரு வாளி

கொக்குவிலில் என் வளவில் ஆறு இளந்தென்னைகள் நிற்கின்றன. போன வருடம் ஏழு நின்றன. ஏழாவதைச் செவ்வண்டு தின்றுவிட்டது. பச்சையாய் நின்ற மரம். ஒரு காலையில் நடுக்குருத்து சரிந்து விழுந்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

தென்னை உத்தியோகத்தர் ஒரு வாளியும் ஒரு சின்னப் பொட்டலமும் கொண்டுவந்தார். பொட்டலத்தில் இருப்பது ஆண் வண்டின் வாசனையைப் போலச் செய்த ஃபெரமோன். அதை வாளிக்குள் தொங்கவிட்டு, அடியில் தண்ணீரும் அன்னாசித் துண்டும் போட்டால், மணத்துக்கு வரும் வண்டுகள் விழுந்து சாகும்.

"அம்மா, இதை இளந்தென்னைக்குக் கிட்டக் கட்டாதேங்கோ," என்றார். "வாற வண்டெல்லாம் வாளிக்குள்ளை விழாது. விழாதது பக்கத்து மரத்திலை ஏறும். எல்லைக்குக் கொண்டு போங்கோ. தண்ணியும் வத்த விடாதேங்கோ."

மூன்று பரப்பு வளவில் எல்லை என்றால் வேலிதான். அந்த வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய திறப்பு ஒன்று உண்டு, பொட்டு என்போம். பக்கத்து வீட்டுக்காரி அதற்குள்ளால்தான் கறிவேப்பிலைக்கும் கதைக்கும் வருவாள். பொட்டடியில் வேலிமரமாய் நின்ற கதியாலில் வாளியைக் கட்டினேன். அந்தப் பக்கம் மூன்று எட்டில் அவளுடைய ஒரே தென்னை. முதல் பாளை தள்ளியிருந்தது. முதற்காய் பிள்ளையாருக்கு என்று நேர்ந்திருந்தாள். எல்லாம் எனக்குத் தெரியும். அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டேதான் முடிச்சைப் போட்டேன்.

முதல் கிழமையே ஒரு சிரட்டை நிறைய வண்டு. அவள் எட்டிப் பார்த்தாள்.

"நல்ல வாளி அக்கா. என்ரை மரத்துக்கும் காவல்."

நான் முதலில் வாயைத் திறந்துவிட்டுப் பிறகு யோசிக்கிற ஆள் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்குப் பார்த்து வாய் அடைத்துப்போயிற்று. "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். விடிந்ததும் என் மரங்களைப் பார்க்கமாட்டேன், அவளுடையதைத்தான் பார்ப்பேன். வாளியைக் கழற்றியிருக்கலாம். ஆனால் என் ஆறு மரங்களும் வாடாமல் நின்றன, மனம் வரவில்லை. முழங்கால் நோவால் நான் தண்ணீர் தூக்கவேயில்லை, ஆனாலும் பங்குனி வெயிலிலும் வாளித் தண்ணீர் வற்றவில்லை. நல்ல வாளிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரையில் ஒருநாள் காலை அவள் கூப்பிட்டாள். "அக்கா, மரத்திலை ஏதோ வடியுது."

மண்ணிறச் சாறு. பொட்டால் நுழைந்து போனேன். தண்டில் காதை வைத்தேன். உள்ளே யாரோ முறுக்குத் தின்பதுபோல ஒரு சத்தம், விடாமல்.

"என்னக்கா கேக்குது?"

"ஒண்டுமில்லை," என்றேன். வீட்டுக்கு நொண்டி நொண்டி வந்து உத்தியோகத்தருக்கு போன் எடுத்தேன்.

அவர் பின்னேரமே வந்து தண்டில் துளை போட்டு மருந்து விட்டார். வேலியில் தொங்கிய வாளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவளிடம் திரும்பிச் சொன்னார்: "பத்து நாள் பாப்பம். குருத்து சரிஞ்சு விழாட்டில் தப்பும்."

 அவள் தினமும் மரத்தடியில் விபூதி போட்டாள். நான் பொட்டடியில் நின்று குருத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். காற்றில் அது அசைந்தாலும் கிட்டப் போய்ப் பார்ப்பேன். எட்டாம் நாள் சரிந்தது.

மரத்தைத் தறித்து, புழுவோடு கிடந்த தண்டை எரித்தார்கள். அடுத்த நாள் நான் பொட்டால் குனிந்து அவளிடம் போனேன்.

"வாளியை அங்கை கட்டக் கூடாதெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கட்டினனான்."

அவள் அழவில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாளியைப் பார்த்தாள்.

"முழங்கால் நோவோடை நீங்கள் தண்ணி தூக்கக் கூடாதெண்டு, கிழமைக்குக் கிழமை நான் எல்லோ அதுக்குத் தண்ணி விட்டனான், அக்கா."

மறுநாள் விடிய எழும்பிப் பார்த்தேன். பொட்டு அடைத்திருந்தது. அந்த மரத்து மட்டைகளை வைத்துத்தான் அடைத்திருந்தாள்.