காற்றில் போன மஞ்சள்

இரண்டு சிலிக்கன் அணுக்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு நிலைக்காது என்று புதுக்கோட்டைக் கல்லூரி வகுப்புகளில் பதினோரு வருடம் அடித்துச் சொன்னவள் நான். அந்தத் திமிரோடுதான் ஆராய்ச்சிக்கும் வந்தேன்.

அன்று காற்றுப் படாமலிருக்க ஆர்கான் வாயு நிரப்பிய குடுவையில், பருத்த கார்பன் தொகுதிகள் ஒட்டிய சிலிக்கன் சேர்மத்தை லித்தியத்தோடு வினைபுரிய விட்டிருந்தேன். நிறமில்லாத, ஒற்றைப் பிணைப்புப் பொருள்தான் வரும் என்று நம்பினேன். கரைசலோ பளிச்சென்று மஞ்சளானது. ஏதோ அழுக்கு கலந்துவிட்டது, கொட்டிவிடலாம் என்று எரிச்சலோடு மூடியைத் திறந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் வெளுத்துப்போனது.

"பாத்தியா, தானாவே சுத்தமாயிருச்சு!" என்றேன்.

கூட ஆராய்ச்சி செய்யும் கோட்டைப்பட்டினத்து நஸ்ரின் குடுவையையே பார்த்தாள். "ஏக்கா, காத்துப் பட்டா அழுக்கு போகுமா?"

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினேன். நிலைக்காது என்று நான் சொன்ன அதே சிலிக்கன் இரட்டைப் பிணைப்புதான், பருத்த தொகுதிகள் அரணாக நின்று காத்த அந்த மஞ்சள். நான் உள்ளே விட்ட ஆக்சிஜன் அதை முடித்துவிட்டது.

மறுவாரம் திரும்பச் செய்தோம். மஞ்சள் வந்தது. மூடியைத் தொடாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடத்தில் அழுக்கென்று எதையெல்லாம் கழுவி ஊற்றினேனோ!