பதியாமல் போன வாரம்

முதலில் வந்தது ஒரு நாற்றம், ரப்பர் கருகுவதுபோல. அடுப்பைப் பார்த்தேன், ஸ்விட்ச் போர்டைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி நெஞ்சுக்கு ஏறும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்ன நடந்ததென்றே தெரியாது. வயிற்றில் கேஸ் என்று நானே முடிவுகட்டி ஓமவாட்டர் குடித்தேன். அந்தப் புத்திசாலித்தனத்திலேயே பல மாதங்கள் போயின.

கடைசியில் என் கணவர் தாம்பரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனார். இ.இ.ஜி. (மூளையின் மின் அதிர்வுகளைப் பதியும் சோதனை) எடுத்தார்கள். டெம்போரல் லோப் எபிலெப்ஸி (நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியில் தொடங்கும் வலிப்பு) என்றார் மருத்துவர். கைகால் இழுத்தால்தான் வலிப்பு என்று நினைத்திருந்தேன். என்னுடையது சும்மா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வலிப்பு.

"பொண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம். யாராவது கேட்டா பி.பி. மாத்திரைன்னு சொல்லிடு," என்றார் கணவர். எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது.

நவராத்திரி வந்தது. கோவிலம்பாக்கத்தில் எங்கள் காலனியில் கொலுவுக்குப் போனில் அழைத்தால் மரியாதை இல்லை. குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போகவேண்டும். அடுத்த தெருவில் என் சிநேகிதி வசந்தி அக்கா கதவைத் திறந்தார். சிமிழை நீட்டி, "சாயந்திரம் வந்துடுங்கக்கா. அண்ணாவையும் கூட்டிட்டு வாங்க, சுண்டல் இருக்கு," என்றேன்.

அக்கா குங்குமத்தையே பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணா தவறிப்போய் ஒரு மாசம்கூட ஆகலயே! ஆஸ்பத்திரியில நீதானே கூட இருந்தே?"

அக்காவின் கணவர் தவறிய அன்று இரவே எனக்கு அடுத்தடுத்து வலிப்பு வந்து படுத்துவிட்டேனாம். இறுதிச் சடங்குக்கு என் கணவர் மட்டும் போய் வந்தாராம். எனக்குத் தெரியும் என்று நினைத்து அப்புறம் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லையாம். எனக்கு எதுவுமே ஞாபகமில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய்க் குங்குமம் நீட்டியிருக்கிறேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. திமிர் பிடித்தவள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பூக்காரி வந்தால்கூட வாசலுக்குப் போகாமல் இருந்தேன்.

மருத்துவர் சொன்னார்: "நீங்க மறக்கலம்மா, அது பதியவே இல்ல. மாத்திரையும் கொஞ்சம் மந்தமாக்கும். மாத்தித் தரேன். நீங்களா நிறுத்திடாதீங்க." இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். அவமானத்தில் மாத்திரையைத் தூக்கிப் போடத் தோன்றும். போடாதீர்கள்.

ஒரு மத்தியானம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். "பி.பி. இல்லக்கா. எனக்கு வலிப்பு. அந்த வாரமே எனக்கு ஞாபகம் இல்ல," என்றேன். சொல்லும்போது அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இதைச் சொல்லக் கூடாதா? உன்னைக் கல்நெஞ்சுக்காரின்னு நினைச்சிட்டேனே," என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான் மருந்து வாங்க ஓடினப்போ நீ மட்டும்தான் அவர் பக்கத்துல இருந்தே. வர்றதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. 'அண்ணா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு, அப்புறம் சொல்றேன்க்கா'ன்னே. அழுகையில நானும் அப்ப கேட்டுக்கல. கொஞ்சம் யோசிச்சுப் பாரேன். என்ன சொன்னாரு?"

உங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"என்கிட்ட இல்லக்கா," என்றேன்.

வலிப்பு நின்று மாதங்களாகின்றன. நாட்கள் இப்போது விட்டுப்போகாமல் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆனாலும் இந்த உடம்பை முன்போல நம்புவதில்லை. நான் இல்லாதபோதும் அது உட்கார்ந்திருக்கிறது, தலையாட்டுகிறது, ஒரு மனிதர் கடைசியாகச் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்கிறது. அக்கா அதைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. பேச்சின் நடுவில் நான் எதையாவது யோசித்து நிறுத்தினால் மட்டும், செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு என் வாயையே பார்க்கிறார்.