ஒரு நூல் வலது பக்கம்

சூடான கம்பியால் தெர்மாகோல் அறுக்கும்போது வரும் கருகல் வாடையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் கோபம்தான் வருகிறது. அடையாற்றங்கரையில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், எட்டாம் வகுப்பு படிக்கும்போது, ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்றை நானே தெர்மாகோலில் செய்தேன். என் உயிரை வாங்கியது வாலைத் திருப்பும் 'சர்வோ' என்கிற குட்டி மோட்டார்தான். பேட்டரியை இணைத்து அதை நடுவில் நிற்க வைத்த பிறகே வாலை அசைக்கும் அதன் கையை மாட்ட வேண்டும். அவசரத்தில் முதலிலேயே மாட்டிவிட்டு, கழற்றிக் கழற்றி மாட்டினேன். பறக்கவிட்டால் விமானம் இடது பக்கமே இழுத்தது. அதனால் வாலை வேண்டுமென்றே, கொத்தனாரான பெரியப்பா சொல்வதுபோல, 'ஒரு நூல்' அளவு வலது பக்கம் தள்ளி வைத்தேன். அப்புறம் நேராகப் பறந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கே.கே. நகர் மைதானத்தில் அதைப் பறக்கவிட்டுக் காட்டினால் மாடல் விமானக் குழுவில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். பூஜை அன்றைக்கு, பெரியப்பாவின் கொத்துக் கரண்டி, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தோடு என் விமானத்தையும் அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோது, பெரியப்பா சந்தனக் கையோடு வாலைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"பூஜைக்கு வெக்கிற சாமான் கோணலா கீதேம்மா," என்றார். சர்வோவுக்குள்ளே பல்சக்கரம் 'கடக்' என்று உடைந்தது.

நான் அழுததற்கு அம்மா என்னைத்தான் திட்டினாள். "பொம்மைக்கு இன்னாத்துக்கு இந்த அழுவ? பெரிப்பா நல்லதுக்குத்தான செஞ்சாரு."

யாருக்கு நல்லது? அது ஏன் சாய்ந்திருக்கிறது என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருடைய ரசமட்டத்தை நான் தொட்டிருந்தால் வீடே இரண்டாகியிருக்கும். பண்டிகைக்குக் கடைகள் அடைத்திருந்தன. வேறு சர்வோ கிடைக்கவில்லை, நான் மைதானத்துக்குப் போகவும் இல்லை. எனக்கு வைத்திருந்த இடத்தில் வேறு யாரையோ சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு ஆற்றங்கரை வீடுகளை இடித்து எங்களை ஊருக்கு வெளியே தள்ளினார்கள். அந்த அவசரத்தில் விமானமும் தொலைந்தது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பெரியப்பா, "எங்க பொண்ணு அப்பவே பிளேன் வுட்டவ," என்று எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். "அதை உடைச்சதே நீங்கதான்," என்றேன்.

பந்தியில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் சிரித்தார். "அடிப்பாவி, அதையா இன்னும் நெனச்சிக்கினு கீற?"

ஆமாம், நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.