மாப்பிள்ளைமாரின் சனிக்கிழமை

சிவதர்ஷன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது கஜானிக்கு வந்த கலியாணப் பேச்சில். கஜானியின் தாய் எனக்குத் தங்கை முறை. என் அம்மாவும் அந்தத் தங்கச்சியின் அம்மாவும் அக்கா தங்கச்சியின் பிள்ளைகள். அன்றைக்கு அவள் வீட்டு முற்றத்தில் தரகர் வந்து குந்தியிருந்தார்.

"பொடியன் சித்தாண்டி. பேர் சிவதர்ஷன். குணமான பொடியன். பாட்டுக்கு டொல்கி மேளம் அடிப்பான்" என்றார்.

"டொல்கி அடிச்சா உலை கொதிக்குமா?" என்று தங்கச்சி கேட்டாள்.

"பால் எடுக்கிற வேலையும் இரிக்கி கா" என்று தரகர் அவசரமாகச் சொன்னார். அந்த மனிசன் வேலையை முதலில் சொல்லியிருந்தால் அவ்வளவு நேரம் தங்கச்சியின் முகம் கறுத்திருக்காது.

கலியாணம் முடிந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தார். வவுணதீவுக்கு அங்கால், வாவிக் கரையில்தான் எங்கள் புன்னையடிமுனை. காலையில் மோட்டார் சைக்கிளில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு மாட்டுப் பட்டிகளுக்குப் போவார். மத்தியானம் வந்து சாப்பிட்டுப் படுப்பார். டொல்கி அலுமாரிக்கு மேலே சீலை போர்த்திக் கிடந்தது.

எங்கள் ஊரில் எதற்கும் முதலில் குடியைக் கேட்பார்கள். குடி தாய் வழியாக வருவது. அம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. கோயில் திருவிழா என்றால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு. வெளியூரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவருக்கு இங்கே பங்கும் இல்லை, மரியாதையும் இல்லை. அவருடைய பங்கு அவருடைய தாயின் ஊரில். ஆகவே சிவதர்ஷன் திருவிழா நாளில் பனைமரம் போல ஓரமாக நிற்பார்.

ஒருமுறை டவுனில் பெரிய இசை நிகழ்ச்சி நடந்தது. சுற்றிவரத் தகரம் அடித்து டிக்கெட் போட்டிருந்தார்கள். கஜானி வயிற்றில் பிள்ளையோடு தகரத்துக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்டாள். அவளைப் போல இன்னும் எத்தனையோ பேர் றோட்டில் நின்றார்கள். கூடப் போன சிவதர்ஷன் வீட்டுக்கு வந்து, சேட்டைக் கழற்றாமலே, "நம்மட பூங்கா சும்மாதானே கிடக்கு" என்றாராம்.

பூங்கா என்று ஒன்று எங்கள் ஊரில் இருந்தது உண்மைதான். ஏதோ திட்டத்தில் வாவிக் கரையில் கட்டினார்கள். சீமெந்து வாங்குகள், ஊஞ்சல், நடுவில் வட்டமான ஒரு மேடை. திறப்பு விழாவுக்குப் பிறகு அங்கே போனவை மாடுகள். ஆனால் வைகாசி கழிந்து கச்சான் காற்று சுடச்சுட அடிக்கத் தொடங்கினால் பின்னேரம் வீட்டுக்குள் இருக்க ஏலாது. வாவிக் கரையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அந்தக் கச்சான் காலத்தில் சனிக்கிழமைதோறும் பாட்டு வைக்கலாம், ஒருவரிடமும் காசு வாங்காமல் வைக்கலாம் என்பது சிவதர்ஷனின் எண்ணம்.

முதல் வருடம் சித்தாண்டியிலிருந்து கூட்டாளிமார் வந்து பாடினார்கள், அலுமாரிக்கு மேலே கிடந்த டொல்கியும் இறங்கியது. ஏறாவூர் முனாஸ் ஒலிபெருக்கி கொண்டு வந்தார். ஊர்ச் சனம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தது.

"சும்மா காட்டுறாங்கள் எண்டா உள்ளுக்க என்னவோ இரிக்கி" என்றாள் ஒருத்தி.

"எலெக்சன் வருகுதோ?" என்றாள் மற்றவள்.

அடுத்த வருடம் சனத்தை உள்ளே கொண்டுவர ஒரு வழி பிடித்தார். ஆறு சனிக்கிழமை, ஊரில் ஆறு குடி. ஒரு சனிக்கிழமைக்கு ஒரு குடி பொறுப்பு. வெளிச்சம், கதிரை, தேத்தண்ணி எல்லாம் அந்தக் குடி பார்க்கும். இது நல்ல யோசனைதான். ஆனால் எந்தக் குடிக்கு எந்தச் சனி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார், அங்கேதான் பிழை விட்டார். கோயிலில் எந்தக் குடிக்கு எந்த நாள் என்பது பூட்டன் காலத்து வரிசை. சீட்டுக் குலுக்கிய கதையை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

பாட்டுக் கச்சேரிதானே என்று முதலில் எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். முதல் சனி வாழை கட்டினார்கள். அடுத்த சனி பந்தல் வந்தது. அதற்கடுத்த சனி தங்கள் குடிப் பெரியவர்களை மேளத்தோடு கூட்டி வந்து பொன்னாடை போர்த்தினார்கள். நாலாம் சனி மாலையும் மரியாதையும் முடிய பாட்டுக்கு நேரம் இல்லை. சனம் வந்ததென்னவோ உண்மை, பூங்கா கொள்ளவில்லை.

அப்போதுதான் கடைசிச் சனி யாருக்கு என்ற கேள்வி எழும்பியது. சீட்டில் அது கீழைவளவுக் குடிக்கு விழுந்திருந்தது. கோயிலில் கடைசித் திருவிழா மேலைவளவுக் குடிக்கு. மேலைவளவு எங்கள் குடி, கஜானியின் குடி. அதற்காக எதிலும் முன்னுக்கு நிற்பவன் தங்கராசா. கஜானியின் பெரியம்மாவின் மகன், சிவதர்ஷனுக்கு மச்சான்.

ஐந்தாம் சனி பாட்டு நடுவில் தங்கராசா மேடைக்கு முன்னால் வந்து நின்றான். "கோயில்ல கடைசி நாள் ஆருக்கு? எங்களுக்குத்தானே, அப்ப இஞ்சயும் எங்களுக்குத்தான்!"

கீழைவளவுப் பெரியவர் நல்லரத்தினம் கதிரையை விட்டு எழும்பினார். "கோயில் கதைய கோயில்ல வச்சுக்கொள்ளு. சீட்டு எங்களுக்குத்தான் விழுந்த!"

பிறகு கதிரைகள் பறந்தன. யாரோ மைக் வயரை இழுத்தார்கள். முனாஸ் தன் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு மேலே குப்புறப் படுத்துக்கொண்டு, "அடிக்கிறதெண்டா என்ன அடிங்க, பெட்டிய விடுங்க!" என்று கத்தினார்.

பூங்காவுக்குப் பொறுப்பான அலுவலர் மறுநாள் சிவதர்ஷனைக் கூப்பிட்டார். இன்னும் ஒரு சனிக்கிழமை தருவதாகவும், ஒரு சண்டை நடந்தாலும் பூங்காவைப் பூட்டிவிட்டு இனி எப்போதும் பாட்டுக்குத் திறக்கமாட்டேன் என்றும் சொன்னார்.

"விட்டிருங்க" என்றாள் கஜானி. "எங்கட ஆக்களுக்குக் குடுத்தா அவங்க அடிப்பாங்க. அவங்களுக்குக் குடுத்தா எங்கட ஆக்கள் உங்கள வீட்டுக்க விடமாட்டாங்க."

"விடமாட்டன். ரெண்டு பேருக்கும் குடுக்கவும் மாட்டன்" என்றார் சிவதர்ஷன்.

திங்கட்கிழமை பால் எடுத்து வந்த கையோடு வீடு வீடாக ஏறினார். கடைசிச் சனி எந்தக் குடிக்கும் இல்லை, கலியாணம் முடித்து பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைமாருக்கு என்று சொன்னார். மாப்பிள்ளை இல்லாத வீடு எங்கள் ஊரில் ஏது? வெளியூரிலிருந்து வந்தவர்கள் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். அவர்களை ஒரு காரியத்துக்கு ஊரில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

தங்கராசாவிடம் போனபோது நானும் அங்கே இருந்தேன்.

"மச்சான், சனிக்கிழமை கதிரை காவ நீங்களும் வரோணும்."

"நான் இந்த ஊரில பிறந்தவன்டா. நானா மாப்பிள்ள?"

அவனுடைய மனிசி ஆச்சிப்பிள்ளை கீழைவளவுக் குடி. அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்தாள். "பின்ன ஆராம்? இந்த வளவு எங்கட அம்மா எனக்குத் தந்த சீதனம். நீங்க உடுப்புப் பெட்டியோட வந்த ஆள். எங்கட குடிச் சோத்தத் திண்டுபோட்டு எங்கட குடியோடயே சண்டைக்குப் போறீங்க!"

தங்கராசாவுக்குக் கோபத்தில் காது சிவந்தது. மனிசியை விட்டு சிவதர்ஷன் மேல் பாய்ந்தான். "வந்தான் வரத்தான் நீ, ஊருக்குச் சட்டம் போடுறியா?"

"ஓம், வரத்தான்தான்" என்றார் சிவதர்ஷன். "நீங்க வராட்டி வீட்டில இரிங்க மச்சான். சனிக்கிழமை பாட்டு நடக்கும்."

நல்லரத்தினம் எங்கள் மேலைவளவில் பெண் எடுத்தவர், அவரும் மாப்பிள்ளைதான். "தங்கராசா வந்தா நான் வரமாட்டன், அவன் வராட்டி வாறன்" என்றார்.

"மாமா, அண்டைக்கு மாலையும் இல்ல, பொன்னாடையும் இல்ல, பேச்சும் இல்ல. ஆர் வந்தாலும் இருந்து பாட்டுக் கேக்கலாம், அவ்வளவுதான்."

சனிக்கிழமை பின்னேரம் காற்று வாவியைத் தூக்கி எறிவது போல அடித்தது. மாப்பிள்ளைமார் தோளிலும் தலையிலும் கதிரை காவினார்கள், மனிசிமார் பார்த்துச் சிரித்தார்கள். "எனக்கும் இதே நிலமதான்" என்று முனாஸ் மைக்கில் சொன்னார். "ஏறாவூரில எங்கட மாமி கதவத் திறந்தாத்தான் நான் உள்ளுக்க." அலுவலர் பூங்கா வாசல் படலையடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நல்லரத்தினம் முன்வரிசையில் இருந்தார். கொஞ்சம் பிந்தி ஆச்சிப்பிள்ளை வந்தாள், அவளுக்குப் பின்னால் தங்கராசா.

"கடைசி நாள் கேட்டவர் கடைசியா வாறார்!" என்று கீழைவளவுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் ஆட்கள் எழும்பினார்கள். அவர்களும் எழும்பினார்கள்.

மேடையில் டொல்கி அடித்துக்கொண்டிருந்த சிவதர்ஷன் கையை நிறுத்தினார். டொல்கியை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "குடிப்பேர் சொல்லுற ஆள் வெளிய போங்க. பாட்டுக் கேக்கிற ஆள் இரிங்க. எல்லாரும் கதிரையில இருந்தாத்தான் நான் அடிப்பன்."

மேடையில் அப்படியே இருந்தார். காற்றுத்தான் மைக்கில் இரைந்தது. அலுவலர் படலையைப் பிடித்தபடி பார்த்தார். ஒருவரும் கதிரையில் இருப்பதாகத் தெரியவில்லை. கஜானி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நின்ற கூட்டத்துக்கு நடுவே தங்கராசா போய், எங்கே இடம் கண்டானோ அங்கே, கீழைவளவுப் பொடியன்மாருக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் தொப்பென்று இருந்தான்.

"அடியன்டா மச்சான், என்னத்தப் பாத்துக்கொண்டிருக்கிறாய்? கால் உளையுது எல்லாருக்கும்."

சனம் சிரித்தது. சிரித்த சனம் கதிரைகளில் இருந்துவிட்டது. அன்றைக்குத்தான் சிவதர்ஷன் டொல்கி அடித்ததை எங்கள் ஊர் முழுதாகக் கேட்டது.

அதற்குப் பிறகு குடிகளுக்கு நாள் கொடுப்பதில்லை. எந்தச் சனிக்கும் எந்த வீட்டு மாப்பிள்ளையும் கதிரை காவ வரலாம். குடிப்பேர் மைக்கில் சொல்வதில்லை. தங்கராசா இதைப் பற்றி இன்னும் முணுமுணுக்கிறான், ஆனால் ஒரு சனியும் தவறுவதில்லை.

சிவதர்ஷன் கஜானியின் வீட்டில்தான் இருக்கிறார். இப்போது கச்சான் காலம். சனிக்கிழமை பின்னேரம் போனால் அவரைப் பூங்காவில் காணலாம்.