கழுதைப் படம் போட்ட வைன்

வைன் கடைக்குள் நுழைகிற எல்லோரும் கண்ணுக்கு நேரே இருக்கும் பாட்டில்களைப் பார்ப்பார்கள். லிஃப்ட்காரர் மட்டும் நேராகப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்கு வேண்டியது எப்போதும் அடித்தட்டில்தான் இருக்கும். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் பழுது பார்த்துத் தேய்ந்த முழங்கால். உட்காரும்போது ஒரு சத்தம் போடும், எழும்போது இரண்டு. கடைப்பெண்ணுக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. "வாங்க சார்" என்று தலையைத் தூக்காமலே சொல்வாள்.

அவருக்கென்று சில சட்டதிட்டங்கள் உண்டு. விலை ஒரு சினிமா டிக்கெட்டைத் தாண்டக் கூடாது. வெள்ளை வைன் என்றால் புது வருஷத்துத் தயாரிப்பாக இருக்க வேண்டும். தூசு படிந்து கிடப்பதைத் தொடவே மாட்டார். கனமான பாட்டில் என்றாலே அவருக்கு ஆகாது. "குடிக்கப் போறது வைனையா, கண்ணாடியையா?" என்பார். பேர்போன ஊரின் மட்டமான சரக்கைவிட யாரும் கேள்விப்படாத ஊரின் நல்ல சரக்கு மேல். அதிலும் திராட்சை விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தயாரித்ததென்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். தக்கைக்குப் பதில் திருகு மூடி இருந்தால் இரட்டிப்புச் சந்தோஷம். மலிவான சிவப்பு வைனை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்தால் அதன் நெடி அடங்கிவிடும் என்பது அவரே கண்டுபிடித்தது. உலகத்தில் வேறு யாருக்கும் இது தெரியாது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தச் சனிக்கிழமை அவர் உட்கார்ந்து பார்த்தால், அவர் வழக்கமாக வாங்கும் கழுதைப் பட பாட்டில் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ பூப்படம் போட்ட பாட்டில் நின்றது.

"கழுதை எங்கம்மா?"

"இனிமே வராது சார். அதைத் தயாரிச்ச சங்கத்தையே மூடிட்டாங்களாம். உங்களுக்குன்னு ஆறு பாட்டில் உள்ள எடுத்து வச்சிருக்கேன். அவ்வளவுதான்."

ஆறு பாட்டிலையும் அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தவருக்குத் தெருமுனை வரைக்கும்தான் நடக்க முடிந்தது. பெட்டியைப் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டி கனக்கவில்லை. மனசுதான் கனத்தது. ஏழு வருஷமாகப் பேசாமல் இருக்கும் மைத்துனனின் நினைப்பு வந்துவிட்டது.

அந்த வைனுக்குக் கழுதை என்று பேர் வைத்ததே அவன்தான்.

அப்போது லிஃப்ட்காரரும் மனைவியும் ஒரு சலவைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓடவைத்த மனிதர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லிச் சிரிக்காத விருந்தாளி கிடையாது. மனைவியின் தம்பி இருபத்தோரு வயதில் ஹோட்டல் படிப்பு படிக்க வந்து, சமையலறையில் மடக்குக்கட்டில் போட்டு நாலு வருஷம் அவர்களோடு இருந்தான். வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பேர். கீழேயிருந்து சோப்பு நுரையும் வெந்நீர் ஆவியும் கலந்த வாசனை எந்நேரமும் மேலே வரும். ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் சலவை. அந்த வாசனையை இப்போது எங்காவது முகர்ந்தாலும் லிஃப்ட்காரருக்கு முதலில் தாகம்தான் எடுக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பாட்டில். மூன்று பேரில் ஒருவர் முறைவைத்து வாங்கி வர வேண்டும். வாங்கி வந்ததும் லிஃப்ட்காரரின் துவைத்த கம்பளிக் காலுறையை அதன்மேல் கழுத்துவரை இழுத்து மாட்டிவிட வேண்டும். என்ன வைன், எந்த வருஷம் என்று மற்ற இருவரும் குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். வைன் கிளாஸ் எல்லாம் ஏது? ஒன்று ஜாம் பாட்டில், ஒன்று பல் தேய்க்கும் டம்ளர், ஒன்று மட்டும் கொஞ்சம் மரியாதையான கிளாஸ். அது யாருக்கு என்று தனிச் சண்டை நடக்கும்.

பாத்திரம் பெரும்பாலும் ஆண்கள் கழுவினார்கள். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். டப்பாவைத் திறந்தாலே மருந்தின் பேரைச் சொல்லும் மூக்கு. "இது நனைஞ்ச அட்டைப்பெட்டி. கொண்டுபோய்க் கடையில குடுத்து மாத்திட்டு வாங்க" என்பாள். மாற்றியும் கொடுப்பார்கள், ஏனென்றால் தக்கை கெட்டுப்போனால் அப்படித்தான் நாறும். "இதுல பென்சில் சீவின வாசனை வருது, நல்லா இருக்கு" என்பாள். சின்னவன் அதையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதினான். அவன் வைன் படித்தது கல்லூரியில் இல்லை, அந்தச் சமையலறையில்தான்.

ஒரு வாரம் அவன் வாங்கி வந்த சிவப்பைக் குடித்ததும் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புளிப்புச் செர்ரி, கொஞ்சம் மிளகு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் சின்னக் கசப்பு. காலுறையைக் கழற்றினால், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கும் ஒரு கழுதையின் படம். "அக்கா காலையில எந்திரிச்சா இப்படித்தான் இருப்பா" என்றான் சின்னவன். ஈரத் துண்டால் முதுகில் ஒன்று விழுந்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார். அதிலிருந்து அந்த வைனுக்குக் கழுதை என்றே பேர்; மாதத்துக்கு ஒரு முறையாவது அது காலுறைக்குள் வந்துவிடும். அப்படி ஒரு காலம் இருந்தது. இருக்கும்போது அது காலமாகத் தெரியவில்லை, வெறும் சனிக்கிழமையாகத்தான் தெரிந்தது.

படிப்பு முடிந்து சின்னவன் பெரிய ஹோட்டலில் சேர்ந்தான். சீக்கிரமே ஹோட்டலுக்கு வைன் வாங்கும் பொறுப்பு அவன் கைக்கு வந்தது. முதல் சம்பளத்தில் அக்காவுக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்தான்: கனமான கண்ணாடி, தக்கைக்கு மேலே அரக்கு முத்திரை. "இப்ப திறக்காதீங்க. அஞ்சு வருஷம் கழிச்சு நாமளே திறப்போம்" என்றான்.

இங்கேதான் தப்பு நடந்தது. வாங்கின வாரமே குடித்துத் தீர்ப்பவர்களுக்குப் பாட்டிலைச் சேமிக்க எப்படித் தெரியும்? மரியாதைக்குரிய பொருளை மரியாதையான இடத்தில் வைப்போம் என்று ஃபிரிட்ஜின் தலைமேல், அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள். வாராவாரம் தூசு தட்டினார்கள். படுக்கவைக்க வேண்டும், சூடு படக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் அது அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டான்.

ஐந்து வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத் தன் மேனேஜரையும் அவர் மனைவியையும் கூட்டி வருவதாகச் சின்னவன் சொன்னான். "அந்தப் பாட்டிலைத் திறப்போம் மாமா. மேனேஜர்கிட்ட பெருமையாச் சொல்லி வச்சிருக்கேன்." கொஞ்சம் காற்றாடட்டும் என்று கணவனும் மனைவியும் காலையிலேயே திறந்தார்கள். மனைவி மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள், உடனே பின்வாங்கினாள். "சாலட்ல ஊத்தலாம்" என்றாள். வைன் புளித்துக் காடியாகியிருந்தது. நிறம்கூடத் துரு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"உண்மையைச் சொல்லிடலாங்க."

"மேனேஜர் முன்னாடி அவன் மானம் போயிடும். கழுதையை இதுல ஊத்திடுவோம். யாருக்குத் தெரியப்போகுது?" இதைச் சொன்னது லிஃப்ட்காரர். அந்த வாக்கியத்தை அவர் பிற்பாடு எத்தனை தரம் தனக்குள்ளே சொல்லிப் பார்த்து நொந்திருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

சாப்பாட்டு மேஜையில் சின்னவன் ஒரு வாய் குடித்தான்.  அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "சார், நான் எத்தனையோ வைன் குடிச்சிருக்கேன். இதுக்கு ஈடா ஒண்ணைச் சொல்லத் தெரியல" என்றான். கிளாஸைக் கீழே வைக்க மனசில்லாமல் பிடித்துக்கொண்டே இருந்தான். மேனேஜரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், தண்ணீர் குடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அவளுக்கு அது பழைய சனிக்கிழமை என்று தோன்றிவிட்டது; காலுறையைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். "டேய் சின்னவா, அது கழுதைடா!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மேனேஜரும் முதலில் சிரித்தார். அப்புறம் தன் மனைவியிடம், "நம்ம ஹோட்டலுக்கு வைன் வாங்குறவர் இவர்தான்" என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே சின்னவனிடமிருந்து அந்தப் பொறுப்பைப் பிடுங்கிவிட்டார்கள். அவன் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான்.

அக்கா இரண்டு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. "ஒரு சிரிப்பைத் தாங்காதவன் என்ன தம்பி?" என்று அவளும் முறுக்கிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் வீம்பில் ஒரே அச்சு. அன்றிலிருந்து அந்த வீட்டில் சனிக்கிழமை பாட்டில் திறக்கப்பட்டது, காலியும் ஆனது. அவள் வாய்விட்டுச் சிரித்து லிஃப்ட்காரர் பார்க்கவில்லை. அவருக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

ஆறு பாட்டிலையும் வாங்கி வந்த மறுநாள் காலையில், கூட வேலை பார்த்தவரைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, பையில் ஒரு கழுதையோடு பஸ் ஏறினார். சின்னவன் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்ட ஊருக்கு இரண்டு மணி நேரப் பயணம். சாவி செய்பவருக்கும் முடி வெட்டுபவருக்கும் நடுவில் சின்னவனின் கடை இருந்தது. சின்ன வைன் கடை. உள்ளே நுழைந்ததும் லிஃப்ட்காரர் திகைத்துப்போனார். விலை குறைந்த பாட்டில்களெல்லாம் கண்ணுக்கு நேரே அடுக்கியிருந்தன. உசத்தியானவை கீழே தரையோடு கிடந்தன. அவர் முழங்காலை மடக்க வேண்டியிருக்கவில்லை.

சின்னவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. பார்த்தான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவ்வளவுதான்.

"இது இனிமே வராதாம்" என்று பாட்டிலை மேஜைமேல் வைத்தார். "உனக்கு ஒண்ணு சேரணும்னு தோணிச்சு. தம்பி, அன்னைக்கு ஊத்தச் சொன்னது நான்தான். உங்கக்கா இல்ல."

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"முதல் வாய்லயே தெரியும். நாலு வருஷத்துல எத்தனையோ சனிக்கிழமை குடிச்சது எனக்குத் தெரியாமப் போகுமா? வாய்ல வச்சதும் அந்தச் சமையலறை, சலவை வாசனை, பல் தேய்க்கிற டம்ளர், எல்லாம் வந்து நிக்குது. அழுகை வந்திரும் போல ஆயிடுச்சு. அதைத்தான் சொன்னேன், இதுக்கு ஈடு இல்லைன்னு. பொய்யா சொன்னேன்? அந்தக் கழுதையைத்தான் சொன்னேன்."

லிஃப்ட்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா!"

"எப்படி? தெரியும்னு சொன்னா என் வீட்டாளுங்க மேனேஜரை ஏமாத்த நானும் உடந்தைன்னு ஆகும். நீங்க ரெண்டு பேரும் தலைகுனியணும். எனக்குத் தெரியலைன்னா நான் ஒருத்தன் முட்டாள், அதோட போச்சு. வேலை போனதுகூடப் பெருசில்ல மாமா." அவன் கழுதைப் படத்தை நகத்தால் சுரண்டினான். "ஊர்ல யார் வேணா நம்பட்டும், எனக்கு வைன் தெரியாதுன்னு. அக்கா எப்படி நம்பினா? அவதானே எனக்குச் சொல்லிக் குடுத்தா?"

திரும்பி வரும் பஸ்ஸில் லிஃப்ட்காரர் யாருக்கும் தெரியாமல் இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னதை முதலில் ஒப்புக்கொண்டார். பிறகு சின்னவன் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். அவள் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் அப்படியே நின்றது.

"நான் சொல்லிக் குடுத்ததுன்னா சொன்னான்?"

"அப்படித்தான் சொன்னான்."

அவள் சட்டையை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள், மடிக்காமல் கீழே வைத்தாள். எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போன் எண்ணை அமுக்கும் ஒலி கேட்டது. அந்த எண்ணை அவள் எங்கும் எழுதி வைத்ததாக அவருக்குத் தெரியாது.  எழுந்துபோய்க் கதவைத் தட்டலாமா என்று அவர் யோசித்தபோது உள்ளே அவள் குரல் உடைந்து வந்தது.

"சின்னவா, அக்காடா. திட்டு. முதல்ல நல்லாத் திட்டு. வேற எதுவும் பேசாத."