எம். வேல்விழிக்கு வந்த கடிதம்

மண்ணரையில் நாங்கள் இருக்கிற லைன் வீட்டில் ஆறு குடித்தனம், கதவு எண் ஒன்றுதான். யாருக்குத் தபால் வந்தாலும் போஸ்ட்மேன் முதல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். முதல் வீடு ராக்கம்மாள் அக்காவுடையது.

கமுதிப் பக்கத்திலிருந்து வந்தவர். பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் செக்கிங். துணியில் ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ, விரல் தானாக அங்கே போய் நிற்கும். ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, ஆல்ட்டர் செய்யச் சொல்லி டெய்லருக்கே திருப்பிவிடுவார். அவருக்கென்று ஒரு தபால் வந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் அடுத்தவர்களுக்கு வந்தவை. சரியான வீட்டில் சேர்க்கிற வரைக்கும் அவற்றை அரிசி டப்பாவின் மேல் வைத்திருப்பார்.

படிக்க வேண்டியது இருந்தால் அடுத்த வீட்டுக்கு, என்னிடம் வரும். மூலனூர்ப் பக்கம் எங்கள் வம்சத்தில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

வேல்விழி, ராக்கம்மாள் அக்காவோடு எட்டு மாதம் தங்கியிருந்த பெண், டெய்லர். புருஷன் முனியாண்டியின் அடிக்குத் தப்பி அருப்புக்கோட்டையிலிருந்து ஓடி வந்தவள். போன ஆடியில் அவன் கம்பெனி வாசலுக்கே வந்து, எல்லார் முன்னாலும் கத்தரியால் அவள் தோளைக் கிழித்தான். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, ஜாமீனில் வந்துவிட்டான். அதற்குள் அவள் கொமரலிங்கம் என்ற ஊருக்குப் போய்விட்டாள். அது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா ஒரு கவரோடு வந்தார். ஸ்பீட் போஸ்ட். சரக்கு வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்குகிற கம்பெனிப் பழக்கத்தில் இதற்கும் போட்டு வாங்கியிருந்தார்.

"நம்ம வேல்விழி பேரு மாதிரி தெரியுது. என்னன்னு பாரு தம்பி."

பெண்கள் வேலைவாய்ப்பு உதவி மையம், அருப்புக்கோட்டை என்று அனுப்புநர் முகவரி. மேலே கொட்டை எழுத்தில், 'நேர்முகத் தேர்வு அழைப்பு, அவசரம்.'

"இண்டர்வியூ லெட்டருங்க்கா! உடனே போய்ச் சேரோணும்," என்றேன். எனக்கு வந்த முதல் அழைப்பு வேறு யார் வீட்டிலோ பன்னிரண்டு நாள் கிடந்து, தேதி தாண்டிக் கைக்கு வந்தது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. "புது அட்ரஸ் எழுதி போஸ்ட்மேன்கிட்டக் குடுத்தா அவங்களே அனுப்பிருவாங்க."

பேனாவை எடுத்து, அவள் பெயருக்குக் கீழே 'கொ' என்று ஓர் எழுத்துத்தான் எழுதியிருந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அவர் விரல் கவரின் மேல் நின்றது, பெயருக்கு முன்னால்.

"இந்த எழுத்து என்ன?"

"எம்முங்க்கா. எம். வேல்விழி."

"அவ அப்பன் பேரு ராக்கையா. ஆதாரு, கம்பெனி கார்டு எல்லாத்துலயும் ஆர்தேன். எம்முனு போட இந்த உலகத்துல ஒருத்தனுக்குத்தான் தோணும்."

முனியாண்டி.

 வேலையில் தினமும் அனுப்புகிற சாம்பிள் பார்சல் எந்த ஊரில் இறங்கியது என்று போனில் பார்க்கிறவன் நான். இதே கவர் கொமரலிங்கத்தில் இறங்கினால் அவன் போனிலும் அந்த ஊர்ப் பெயர் வந்து நிற்கும்.

"கிழிச்சுப் போட்டுரலாங்க்கா."

"கையெழுத்துப் போட்டிருக்கேனே. திரும்பிப் போகலைன்னா, அவ இங்க இருக்கான்னுதான வருவான்?"

"திருப்பி அனுப்பினா 'கொ' இருக்குதுங்க..."

அக்கா அந்த ஒற்றை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரிக்க வேணாம், ஆல்ட்டர் பண்ணு. அந்தக் 'கொ'வை வெச்சே கொடுக்க முடியலைன்னு எழுது."

எழுதினேன். 'கொடுக்க முடியவில்லை. இந்தப் பெயரில் இங்கு யாரும் இல்லை.' அன்று சாயங்காலமே போஸ்ட்மேன் வீடு வரைக்கும் போய், பிரிக்காத கவரைக் கொடுத்தோம். "டெலிவரி போட்டாச்சே சாமி," என்று தலையைச் சொறிந்துகொண்டு வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா வேலைக்குக் கிளம்பும்போது முனியாண்டி வாசலில் நின்றான். கையில் போன்.

"கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கீக. எங்க அவ?"

நான் என் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

"நாந்தேன் போட்டேன்," என்றார் அக்கா. "பேரைப் பாக்காம வாங்கிட்டேன். திருப்பியாச்சு."

"ஏன் திருப்புன?"

"எம். வேல்விழினு இந்த வீட்டுல எவளும் இருந்ததில்ல."

அவன் சிரித்தான். "கவரு எங்கிட்டதான வரும். என்ன எழுதியிருக்கீகன்னு பாக்குறேன்."

அவன் தெருமுனை திரும்பும் வரைக்கும் அக்கா அசையவில்லை. பிறகு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வேல்விழிக்குப் போன் போட்டு, தனியாக எங்கும் போகாதே என்று சொன்னோம்.

"தம்பி," என்றார் அக்கா, "கவருல நீ எழுதுன எழுத்தெல்லாம் ஒரே மாதிரிதான இருந்துச்சு?"

"ஆமாங்க்கா."

'கொ'வுக்கும் 'டு'வுக்கும் நடுவே என் பேனா நின்ற இடத்தில் கடுகளவு மை ஊறியிருந்தது. பதினெட்டு வருஷம் செக்கிங் பார்த்த கண்ணுக்கு அது தெரியாமல் போயிருக்காது. அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன். அந்த மையோடு கவர் அவனிடம் போய்க்கொண்டிருக்கிறது.