முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் டீசல் இன்ஜின் பேச்சைத் தவிர வேறு பேச்சே கிடையாது. வீட்டில் இருந்தது நானும் அப்பாவும் மட்டும்தான். அதிலும் பேசியது அப்பா மட்டும்தான் என்பதால் பெரிய சத்தம் ஒன்றும் இருந்திருக்காது. ஆனாலும் மற்ற பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு வேறு பாடம் மனப்பாடமாகியிருந்தது. கறுப்புப் புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் அந்த வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர்கூட இதையெல்லாம் கேட்கவில்லை என்பதில் எனக்கு நிறையக் குறை உண்டு.

ஓசூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஒரே மாதிரி அறைகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அப்பாவுக்கு வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். அம்மா கெலமங்கலத்துப் பக்கம் தக்காளியும் கோஸும் போடும் குடும்பத்தில் பிறந்தவர். பரந்த தோட்டத்தில் சத்தம் போட்டுப் பேசிப் பழகியவருக்கு, அப்பா பகலில் தூங்குகிறார் என்பதற்காக என்னையும் தம்பியையும் வாயைப் பொத்தி வைத்துக்கொண்டு அந்த ஒரே அறையில் உட்கார்ந்திருப்பது ஒத்துவரவில்லை. ஒரு பிக்கப் வாங்கி ஓட்டினால் தோட்டத்துக் காயையே மார்க்கெட்டுக்கு ஏற்றலாம், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். அப்பா "பாக்கலாம்" என்பார். இதே பேச்சு, இதே பதில். பிறகு அதுவே சண்டையானது. பிறகு சண்டைகூட இல்லாமல் போனது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கொடியில் அம்மாவின் புடவைகள் இல்லை. தம்பியின் பால் டம்ளரும் இல்லை. பக்கத்து அறையில் இருந்த அக்காதான் சொன்னார்: அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறார், பள்ளிக்கூடம் கெட்டுப்போகும் என்று என்னை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்தின் மீது எனக்கு வந்த வெறுப்பு இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்.

"அழுவாத பாப்பா. பிக்கப் வாங்கிரலாம். நம்ம சொந்த வண்டியிலயே போயி அம்மாவையும் தம்பியையும் கூட்டியாந்துரலாம்."

கணக்கு எனக்கு நன்றாகப் புரிந்தது. அம்மா வரவேண்டும் என்றால் வண்டி வரவேண்டும். வண்டி வரவேண்டும் என்றால் எந்த இன்ஜின் என்று அப்பா முடிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டி பார்ப்பதுதான். அப்பாவின் பைக்கில் கிளம்புவோம். ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகா, பின்னால் உட்கார்ந்தவர் தலையிலும் ஹெல்மெட் இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும். அதனால் சுவரில் ஆணியில் தொங்கும் அம்மாவின் ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் மாட்டிவிடுவார். அது கண் வரைக்கும் இறங்கிவிடும். உள்ளே அம்மாவின் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கும். வழியில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் அந்த வாசத்துக்குள் உட்கார்ந்துதான் போய்க்கொண்டிருந்தேன்.

நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடைகளில் பிக்கப் நின்றால் அப்பா பைக்கை நிறுத்திவிடுவார். தமிழ் டிரைவரிடம் தமிழில், ஆந்திரா வண்டி என்றால் தெலுங்கில், அத்திப்பள்ளிப் பக்கத்துக்காரரிடம் கன்னடத்தில். வீட்டில் ஒரு மொழிக்கே தட்டுப்பாடாக இருந்த மனிதர் வெளியில் மூன்று மொழியில் பேசுவார். மூன்றிலும் ஒரே கேள்விதான்: இந்த இன்ஜின் எத்தனை வருஷம் தாங்கும்?

டிரைவர்களில் இரண்டு கட்சி இருந்தது. ஒன்று, வெறும் பம்ப் மட்டுமே டீசலை இன்ஜினுக்குள் அனுப்பும் பழைய பம்ப் வண்டிக் கட்சி.

"அது எரும மாதிரிண்ணா. சத்தம் போடும், புகை வுடும், மைலேஜ் கம்மிதான். ஆனா நடுரோட்டுல நிக்காது. நின்னாலும் புளியமரத்தடி மெக்கானிக்கே பிரிச்சு மாட்டி அனுப்பிருவான்."

மற்றது, அதையே கம்ப்யூட்டரும் சென்சாரும் அளந்து அனுப்பும் புது சென்சார் வண்டிக் கட்சி. சத்தமில்லை, மேடு என்றால் இழுத்துக்கொண்டு ஏறும், அதே டீசலில் இன்னும் தூரம் போகும், விற்கப் போனாலும் நல்ல விலை. ஆனால் ஒரு சென்சார் போனால் போதும், தக்காளி ஏற்றியிருந்தாலும் சரி, கல் ஏற்றியிருந்தாலும் சரி, அப்படியே படுத்துவிடும். லேப்டாப்போடு ஆள் வந்தால்தான் எழுந்திருக்கும். இரண்டு கட்சிக்காரர்களும் எதிரெதிரே உட்கார்ந்து டீ ஆறுகிற வரைக்கும் வாதாடுவார்கள். அப்பா நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் தலையாட்டுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிற மனிதர் என்றே யாரும் நினைப்பார்கள்.

வண்டி பார்க்கிற வித்தையை அந்தக் கட்சிக்காரர்களில் ஒருவர்தான் சொன்னார். வயதான இன்ஜின் காலையில் குளிரில் சுலபமாக ஸ்டார்ட் ஆகாது, முக்கும். வாங்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் விற்கிறவர் முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார். அப்புறம் சாவியைத் தொட்டாலே ஸ்டார்ட் ஆகும், நாம் ஏமாந்துவிடுவோம்.

"அதனால போன ஒடனே மொதல்ல பானெட்டத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்துச்சுன்னா எதயோ மறைக்கிறான்னு அர்த்தம்."

அந்த வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார். சின்னப் பிள்ளை தொட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் அல்லவா? பைக்கிலிருந்து இறங்கியதும் ஓடிப்போய், இன்ஜினை மூடியிருக்கும் அந்த பானெட் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். "சூடா, ஜில்லா?" என்று அப்பா கேட்பார். வாரம் முழுவதும் அப்பா என்னிடம் பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். அதனால் மிகவும் யோசித்துப் பதில் சொல்வேன்.

பிறகு அது கைப்பழக்கமாகிவிட்டது. ஸ்கூல் ஆட்டோ, தண்ணீர் லாரி, லைன் வீட்டு வாசலில் நிற்கும் பைக்குகள் என்று எதையும் தொடாமல் தாண்ட மாட்டேன். யார் இப்போதுதான் வீடு திரும்பினார்கள், யார் காலையிலிருந்து வீட்டிலேயே இருக்கிறார்கள் என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிடும். எல்லோரும் வீடு திரும்பினார்கள். அப்பா ஷிப்டில் இருக்கும் சாயங்காலங்களில் பக்கத்து அக்கா வீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். தனியாக இருப்பது போலிருக்கிறது என்று சொல்ல அப்போது தெரியாது. வயிற்றை வலிக்கிறது என்பேன். அக்கா ஓமத்தண்ணீர் கொடுப்பார்.

வாரங்கள் போய்க்கொண்டிருந்தன. அப்பாவுக்கு எந்த வண்டியும் பிடிக்கவில்லை. பம்ப் வண்டி என்றால் மைலேஜ் போதாது. சென்சார் வண்டி என்றால் வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? கர்நாடகா வண்டி என்றால் பேப்பர் மாற்ற அலைய வேண்டும். குறை இல்லாத நாளில்கூட ஏதாவது ஒரு குறையோடுதான் திரும்புவோம். நான் வேண்டாத சாமி இல்லை. ஒரே ஒரு நல்ல இன்ஜின், அவ்வளவுதான் கேட்டேன்.

கேட்டது கிடைத்தது. ஜூஜுவாடியில் பழைய வண்டிகள் விற்கும் ஒரு இடம். வெள்ளை நிற பம்ப் வண்டி. ஓடிப்போய்க் கையை வைத்தேன். தண்ணீர்ப் பானை மாதிரி ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. புகை இல்லை. ஆயில் ஊற்றுகிற வாயின் மூடியைக் கழற்றி, இன்ஜின் ஓட ஓட அதன்மேல் தலைகீழாக வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே தேய்ந்துபோன இன்ஜின் என்றால் மூடி குதித்துக் கீழே விழும். இது அசையாமல் உட்கார்ந்திருந்தது. அப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சட்டையைக்கூடப் பார்க்காமல் அடியில் படுத்துப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் பயம் மாதிரி ஒன்று இருந்தது.

"இதுல என்னப்பா கொறை?" என்று கேட்டேன்.

"கொறைன்னு ஒண்ணும் இல்ல பாப்பா. இன்னும் ஒண்ணு ரெண்டு பாத்துட்டு..."

விற்கிறவர் நல்ல மனிதர். எங்களைப் பல ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்தவர்.

"அண்ணா, தப்பா நெனக்காதீங்க. எந்த இன்ஜினு எத்தன நாளு தாங்கும்னு யாரும் எழுதித் தர முடியாது. எடுத்து ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றவர், "ஆமா, வூட்டுல ஒரு வார்த்த கேட்டீங்களா? அக்கா என்னா சொல்றாங்க?" என்றார்.

மூன்று மொழி தெரிந்த அப்பாவுக்கு ஒன்றிலும் வார்த்தை கிடைக்கவில்லை. அதனால் நானே சொன்னேன்.

"அம்மா ஊர்ல இருக்குது. இந்த வண்டி வாங்கினாத்தான் கூட்டியார முடியும்."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, வாரை மெதுவாக இழுத்துக் கட்டினார். திரும்பும் வழியில் எந்த டீக்கடையிலும் நிற்கவில்லை.

அந்த வாரத்தின் நடுவில் ஒருநாள். ஸ்கூல் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். வாசலில் அப்பாவின் பைக் நின்றது. அன்றைக்கு அவர் லீவு என்று எனக்குத் தெரியாது. வழக்கம் போல இன்ஜினில் கையை வைத்தேன். சுரீர் என்றது. உள்ளங்கை சிவந்துபோனது. கையை உதறிக்கொண்டே பார்த்தால், பைக்கின் கொக்கியில் அம்மாவின் ஹெல்மெட் தொங்குகிறது.

உள்ளே அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விசேஷத்துக்குப் போடும் சட்டை. அறையைப் பெருக்கித் துடைத்திருந்தார். கொடியில் இருந்த துணியெல்லாம் மடித்து வைத்திருந்தது. தினமும் ஒரு பால் பாக்கெட் இருக்கும் இடத்தில் அன்றைக்கு இரண்டு இருந்தது.

"எங்கப்பா போய்ட்டு வந்தே?"

"எங்கியும் போல பாப்பா. வூட்டுலதான் இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஜின் சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? எங்கேயோ தூரமாகப் போய்வந்திருக்கிறார். பின்னால் ஒருவரை உட்கார வைப்பதற்காக ஹெல்மெட்டும் கொண்டுபோயிருக்கிறார். யாரை? வண்டி புரோக்கரைத்தான், வேறு யாரை? வண்டி பேசி முடித்தாயிற்று. இரண்டாவது பால் பாக்கெட் பாயசத்துக்கு. என்னிடம் சொல்லாமல் ஒருநாள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தப் போகிறார். எல்லாம் அழகாகப் பொருந்தியது.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் காதில் கேட்டேன்.

"எனக்குத் தெரியும்பா. பம்ப்பா, சென்சாரா?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. வெயிலில் போய்வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"பம்ப்புதான் பாப்பா" என்றார் கடைசியில். "அதுதான் ரொம்ப நாளு தாங்கும்."

அந்த வருஷம் முழுவதும் பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போதெல்லாம் வெள்ளை வண்டியைத் தேடினேன். வண்டியும் வரவில்லை, அம்மாவும் வரவில்லை. முழுப்பரீட்சை முடிந்ததும் அப்பா என்னை பஸ்ஸில் கெலமங்கலத்துக்கு அழைத்துப் போய், தோட்டத்து வரப்பு வரைக்கும் வந்து விட்டுவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு லீவுக்கு ஒரு வீடு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு வீடு என்று ஆனது. இன்ஜினைப் பற்றி அப்பா அப்புறம் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. இன்றைக்கு பெங்களூரு வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் தினமும் ஜூஜுவாடியைத் தாண்டுகிறேன். டீக்கடை வாசலில் பிக்கப் நின்றால் கண் தானாக அங்கே போய்விடுகிறது.

ஆனால் அந்தச் சாயங்காலம் எனக்கு இதெல்லாம் தெரியாது. பம்ப் வண்டி என்று அப்பா சொன்னதுமே எழுந்து பக்கத்து அக்கா வீட்டுக்கு ஓடினேன். எங்கப்பா வண்டி வாங்கிட்டாரு, எங்கம்மா வரப்போகுது என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அக்கா என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்து, டூத்பேஸ்ட் தடவிவிட்டார். எங்கள் வீட்டுக் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். எரியுதா கண்ணு என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மா போன பிறகு முதல் தடவையாக அன்றைக்கு எனக்கு வயிறும் வலிக்கவில்லை. இருட்டும் வரைக்கும் அங்கேயே விளையாடிக்கொண்டிருந்தேன், அப்பா அந்த அறையில் தனியாக இருக்கிறார் என்ற நினைப்பே இல்லாமல்.